மீன்காரர் கொண்டுவந்த கோடுகள்

என் மனைவி புத்தகம் வாசிப்பவள். நான் பால்மரம் வெட்டுபவன். அவளும் பால்மரம்தான் வெட்டினாள். வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை. பட்டையைச் சீவி ரப்பர் பால் இறக்குவது. எங்கள் பக்கம் பால் என்றால் அதுதான். மாட்டுப்பாலை மாட்டுப்பால் என்று முழுசாகச் சொல்லவேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் மூணாவதோடு நின்றவன். அவள் ஆறு முடித்தவள். இதை எழுதவே எனக்கு நாள் பிடிக்கிறது. தப்பு இருக்கும்.

எங்கள் தோட்டம் லிங்கிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. எழுபதுகளில் கல்யாணம். அவள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில் சேலை கொஞ்சம், புத்தகம் நிறைய. அம்மா திறந்து பார்த்தாள்.

"என்னடா இது, கிராணி வீட்டுப் பொண்ணையா கட்டிக்கிட்டு வந்துட்டே?"

கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"கிராணி வீட்ல இவ்வளவு இருக்காது அத்தை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். காட்டிக்கொள்ளவில்லை.

சம்பளம் போட்டதும் லுக்குட் போவோம். நான் அரிசி, மண்ணெண்ணெய் பார்ப்பேன். அவள் நேராகத் தமிழ்க் கடைக்குப் போவாள். அங்கே கயிறு கட்டி வாரப் பத்திரிகைகளைத் துணி மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வருவது. ஊரில் வாசித்துத் தூக்கிப் போட்டபிறகுதான் எங்கள் கைக்கு வரும். அவளுக்கு அது குறையே இல்லை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் மெதுவாகப் பிரித்தெடுப்பாள். கதை முடிந்ததும் கோணி ஊசியால் சாக்குச் சரடு கோத்துத் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டுவிடுவாள். அது புத்தகம் ஆகிவிடும்.

மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டபிறகு லயத்துப் பெண்கள், அதாவது எங்கள் வரிசை வீடுகளில் இருப்பவர்கள், எங்கள் வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. இவள் வாசிப்பாள். நான் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பால்வெட்டுக் கத்தியைத் தீட்டுவேன். கத்தி எப்போதோ தீட்டி முடிந்திருக்கும்.

ஒரு தொடர்கதை. அதில் ஒரு பால்காரர். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு டவுன். ஏழை. பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், கை ஓடவில்லை. ஒருநாள் பாலில் தண்ணீர் கலக்கிறார். எழுதியவர் அதை ரொம்ப வேதனையாக எழுதியிருந்தார். இவளும் வேதனையாகத்தான் வாசித்தாள். அன்று அவர் முதன்முறையாகப் பாலில் தண்ணீர் கலந்தார் என்று ஒரு வரி.

எதிர்வீட்டு அக்கா பட்டென்று சொன்னாள்.

"மாட்டுனான்டா மவனே!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தோட்டத்தில் பாலில் தண்ணீர் கலக்காதவர் யார்? வாளியில் கொஞ்சம் ஏறினால் நாலு காசு கூட வரும். அதனால்தான் கிராணி ஸ்டோரில் பாலுக்குள் ஒரு குச்சியை மிதக்கவிட்டுப் பார்ப்பார். எவ்வளவு பால், எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

"கிராணி குச்சி போட்டுப் பாக்கலையா?"

"மொத தடவையாம். இவ்வளவு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?"

"மழை பேஞ்சிச்சின்னு சொல்ல வேண்டியதுதானே, மடையன்!"

என் மனைவிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அது மாட்டுப்பால் என்று அவள் சொல்லவில்லை. கதை முடியும் மட்டும் அந்த மனிதர் அவர்களுக்கு மரம் வெட்டுகிற ஆள்தான். அவர் பிடிபட்டு, பெண்ணின் கல்யாணம் நின்றுபோனபோது லயமே அழுதது. எதிர்வீட்டு அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "நம்ம ஆளு பாவம்" என்றாள்.

இது நடந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். மீன்காரர் வந்தார்.

மீன்காரர் சீனர். முதலாளி என்கிற அர்த்தத்தில் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். லுக்குட்டில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு, எங்கள் தோட்டம் வழியாக ரெம்பாவ் பக்கம் வரை போவார். லயத்து முனையில் ஹாரனை அமுக்கினால் பூனைகள் எல்லாம் வந்துவிடும். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அன்று கெம்போங் மீனைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

என் மனைவி பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு மீனைப் பூனை தூக்கிக்கொண்டு போனது. அதையும் பார்க்கவில்லை.

"இங்க வாங்களேன்."

போய்ப் பார்த்தேன். ஈரப் பக்கம். ஒரு வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. ஒன்று இல்லை, இரண்டு கோடு.

"நம்ம பால்காரர் கதை. பால்ல தண்ணி கலந்தார்ங்கிற வரி."

"அதுக்கென்ன?"

"டவுன்ல இருக்கிறவ இதுக்குக் கோடு போடுவாளா? அவளுக்கு இதுல என்ன இருக்கு? இவ மரம் வெட்டுறவ. நம்மள மாதிரியே சிரிச்சிருக்கா."

மறுமுறை மீன்காரர் வந்தபோது அவள் பாத்திரம் எடுக்காமல் ஓடினாள்.

"தவுக்கே, அன்னைக்குப் பேப்பர் எங்க எடுத்தீங்க?"

"ரெம்பாவ் பக்கம் தோட்டம் லா. லயத்தில கடைசி வீடு. அந்த ஆளு பழைய பேப்பர் குடுத்தான், நான் மீன் குடுத்தான். ஏன், மீன் நல்லா இல்லையா?"

"மீன் நல்லாதான் இருந்திச்சி. பேப்பர் அதவிட நல்லா இருந்திச்சி."

அந்தப் பக்கத்தைக் கொடியில் போட்டுக் காயவைத்து எடுத்து வைத்திருந்தாள். அதிலேயே இன்னொரு வரிக்குக் கோடு போட்டு, அந்த வீட்டு அம்மா கையில் கொடுக்கச் சொன்னாள். "ஆம்பளை கிட்ட குடுக்காதீங்க தவுக்கே" என்று இரண்டு தடவை சொன்னாள். என்ன வரி என்று கேட்டேன். கதையில் யாரோ கதவைத் திறந்து, நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். அந்த வரி.

பதில் வந்தது. பெட்டியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஒரு தைத்த புத்தகம். இவள் தைப்பது மாதிரியே சாக்குச் சரடு. இவள் ராத்திரி சோறு ஆக்கவில்லை. முழுக்க வாசித்துக் கோட்டைக் கண்டுபிடித்தாள். உள்ளே வாருங்கள் என்கிற வரி.

இப்படித்தான் தொடங்கியது. பல வருஷம் போனது.

ஏன் நாலு வார்த்தை எழுதிப் போடக்கூடாது என்று ஒருமுறை கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

"அவ புருஷன் அவளைக் கேக்காமப் பேப்பர மீனுக்குப் போட்டவன். எழுத்து இருந்தா யாருக்குன்னு கேப்பான். கோட்டுக்கு யாரு கேப்பா?"

பேரையாவது மீன்காரரிடம் கேட்டு வரச் சொல்லலாமே என்றேன்.

"வேணாம். இப்படியே இருக்கட்டும்."

மீன்காரர் அலுத்துக்கொள்வார். "ரெண்டு பேரும் மீன் வாங்குறது கொஞ்சம், புத்தகம் ஏத்துறது நிறைய. போஸ்ட்மேன் சம்பளம் குடு லா." அலுத்துக்கொண்டே பெட்டியில் ஐஸ் படாத மூலையில் வைத்துக்கொள்வார். எத்தனை உறை போட்டாலும் புத்தகத்தில் மீன் வாசம் ஏறிவிடும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன இன்னைக்கும் மீனா?" என்று கேட்பார்கள். அன்றைக்குக் கத்தரிக்காயாக இருக்கும்.

நான் இதில் சேரவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே சொல்லுவாள். "இன்னைக்கு அவ சந்தோசமா இருக்கா." "அவங்க பக்கம் மழை போல, வேலை இல்லாமக் கெடக்கா." வரியை வைத்துத் தெரிந்துகொள்வாள். சரியா தப்பா, யாருக்குத் தெரியும்?

ஒருமுறை வந்த புத்தகத்தில், அவன் கை ஓங்கினான் என்கிற வரிக்குக் கோடு. கதையில் சும்மா வந்துபோகிற வரி. அதற்கு அடியில் மெல்லிசாக, தெரிந்தும் தெரியாமல் போட்டிருந்தது. இவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பதில் கோட்டுக்காக டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். எந்த வரியும் பொருந்தவில்லை. அழாதே என்று இருந்தால் வேண்டாம் என்பாள். பொறுத்துக்கொள் என்று இருந்தால் பக்கத்தையே மூடிவிடுவாள். காட்டில் மரம் மரமாகப் போகும்போதும் அதே யோசனை. ஒருநாள் பால் சொட்டுகிற சின்னக் கோப்பையை, மங்கு என்போம், நிமிர்த்தி வைக்காமலே அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். பால் எல்லாம் மண்ணில். வேலை வாங்குகிற மண்டோர் கத்தினான். கடைசியில் எங்கேயோ கிடைத்தது. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு வரி. அதற்குத் தடித்த கோடாகப் போட்டு அனுப்பினாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று வந்து தங்காமல் போனது. அந்தச் சமயம் இவள் யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் இல்லை. நானும் பேசத் தெரிந்தவன் இல்லை. ஆனால் மீன்காரரிடம் ஒரு புத்தகம் போனதைப் பார்த்தேன். அது திரும்பி வந்தபிறகு எடுத்துப் பார்த்தபோது, தொட்டில் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள் என்கிற வரிக்குக் கோடு இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

எண்பதுகளில் லயத்துக்கு டிவி வந்தது. வாசிப்பு கேட்க வந்தவர்கள் படம் பார்க்கப் போனார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் கொஞ்ச நாள் வந்தாள், பிறகு அவளும் போனாள். இவளுக்கு வருத்தம்தான். "போகட்டும், அவ இருக்கா" என்றாள்.

பிறகு சர்க்கரை.

எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது உண்டு. தலை சுற்றினால் ஒரு மாத்திரை, மறுநாள் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வேலை. இவளும் அப்படித்தான். ஒருநாள் மீன்காரர் கொடுத்த புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.

"இதுல கோடு எங்க இருக்குன்னு பாருங்க."

அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலேயே கோடு. கறுப்பாக, நன்றாகத் தெரிந்தது.

"உனக்குத் தெரியலையா?"

"எறும்பு ஓடுற மாதிரி இருக்கு."

சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார். மிஸி, அதாவது நர்ஸ், தமிழில் சொன்னாள். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, முன்னமே வந்திருக்கவேண்டும் என்றாள். இவள் ஒன்றுதான் கேட்டாள்.

"பொடி எழுத்து தெரியிற அளவுக்கு வருமா?"

மிஸி டாக்டரைக் கேட்கவே இல்லை. இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது இவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். லுக்குட் தாண்டியாச்சா என்று கேட்டாள். தாண்டியாச்சு என்றேன்.

அதற்குப்பிறகு நான் வாசிக்க ஆரம்பித்தேன். மூணாவது படித்தது எப்போதோ. சம்பளச் சீட்டில் என் பேரைத் தவிர எதையும் வாசித்தவன் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து, கூட்டி, சொல்லாக்கி, அடுத்ததற்குப் போவதற்குள் முன்னது மறந்துவிடும். இவள் பொறுமையாகத்தான் இருந்தாள். முதல் நாள்.

இரண்டாம் நாள் சொன்னாள், "வெயில் காலத்துல பால் சொட்டுற மாதிரி வாசிக்கிறீங்க. மங்கு நெறையறதுக்குள்ள நான் போயிடுவேன்."

"அப்ப எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடு."

"அவளுக்கு எழுத்தே தெரியாது. நீங்க சொட்டுங்க."

வாசித்தேன். ழகரம் எனக்கு வராது. அவள் திருத்துவாள். ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆனது. போகப் போக ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு பக்கம் வந்தது. கதையில் அடுத்து என்ன என்று எனக்கே இருப்புக் கொள்ளாமல் போனது. காட்டில் அவசர அவசரமாக வெட்டிவிட்டு வருவேன். இவ்வளவு வருஷம் இவள் எதற்காக விளக்கைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

கோடும் நான்தான் போட்டேன். "அந்த வரியை இன்னொருக்கா வாசிங்க" என்பாள். வாசிப்பேன். "அதுக்குப் போடுங்க" என்பாள். போடுவேன்.

"ஆஸ்பத்திரி, கண்ணுன்னு வர்ற வரியா தேடிப் போட்டு விட்டா அவங்களுக்குத் தெரியும்ல?" என்றேன்.

"தெரிய வேணாம். கண்ணு போனவன்னு தெரிஞ்சா பாவம்னு கோடு போடுவா. எனக்கு அது வேணாம்."

தொண்ணூறு பிறந்த சமயம் மீன்காரர் நின்றுபோனார். ஹாரன் கேட்கவில்லை. ஒரு வாரம் உடம்புக்கு முடியவில்லை போல என்று இருந்தோம். பிறகும் வரவில்லை. இவள் சாயங்காலமானால் தலையைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கம் சாய்த்து வைத்துக்கொள்வாள். ஏதாவது மோட்டார் போனால், "அதுவா?" என்பாள். இல்லை என்பேன். கடைசியாக வந்த புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். மனப்பாடம் ஆகிவிட்டது. எனக்கே ழகரம் சரியாக வந்துவிட்டது.

அதற்குள் இவளுக்குக் காலில் புண். ஆறவில்லை. பிறகு உடம்பு ஊதியது. சிறுநீரகம் என்றார்கள். மீன்காரரைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன். கேட்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லுக்குட் போய் மீன்காரர் வீட்டைத் தேடிப் பிடித்தேன். முட்டி வீங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கால் போச்சி லா. மகன் வேன் வச்சி டவுன் பசார்ல விக்கிறான். தோட்டத்துக்குப் போகச் சொன்னா, அங்க யாரு இருக்கான்னு கேக்குறான்." பிறகு அவரே கேட்டார். "தங்கச்சி கண்ணு எப்படி?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவர் ரெம்பாவ் பக்கம் சொல்லவில்லை.

"அந்த அம்மா பேர் என்ன தவுக்கே?"

"பேர் தெரியாது. நான் புத்தகம்னுதான் கூப்பிடுவேன். ரெம்பாவ் போற வழியில ரெண்டாவது தோட்டம். கடைசி வீடு."

போனேன். கையில் ஒரு தைத்த புத்தகம். அந்தத் தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டிருந்தார்கள். லயத்தில் பாதி இல்லை. கடைசி வீடு என்றால் எது என்று எனக்குத் தெரியவில்லை, கடைசியாக நின்றது கடைசி வீடா? ஒரு ஆள் மாடு பிடித்துக்கொண்டு வந்தார். புத்தகம் வாசிக்கிற ஒரு அம்மா இங்கே இருந்தார்களா என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஆமாமா, அதுக்காகவே புருஷன் கிட்ட வாங்கிக் கட்டிக்குமே, அந்த அம்மாதானே? ரெம்பாவ் டவுன்ல சாப்பாட்டுக் கடையில மங்கு தட்டு கழுவுது."

கடையின் பின்பக்கம் போனேன். ஒரு பெண் குத்த வைத்துத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். என் மனைவியைவிடக் கொஞ்சம் சின்னவள். உரத்த குரலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். இவளாக இருக்காது என்று நினைத்தேன். இருந்தாலும் புத்தகத்தை நீட்டினேன்.

திட்டு நின்றது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முகத்துக்கிட்ட கொண்டுபோனாள்.

"மீன் வாசம் இன்னும் போகல."

பிறகு என்னைப் பார்த்தாள். நான் யார் என்று கேட்கவில்லை.

"அக்காவுக்கு என்னண்ணே?"

கண் என்றேன். மற்றதும் சொன்னேன்.

"கோடு மாறுனப்பவே நெனச்சேன். அக்கா கோடு நூல் மாதிரி இருக்கும். பொறவு வந்தது பேப்பரையே கிழிச்சிச்சி. கைக்கு முடியலையா, கண்ணுக்கு முடியலையான்னு தெரியல. கேக்குறதுக்கு ஒரு வரி கெடைக்கல."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் வந்து, "அம்மா, தவுக்கே கூப்பிடுறாரு" என்றது. இது உங்க மகளா என்றேன். கடைசி, இதற்கு மேலே மூணு என்றாள். நாலு பிள்ளைகள். இத்தனை வருஷத்தில் ஒரு கோட்டிலும் அவள் அதைச் சொல்லவில்லை. தொட்டில் வரி போனபிறகு, பிள்ளை என்று வந்த எந்த வரிக்கும் அவளிடமிருந்து கோடு வந்ததில்லை. அது எனக்கு அந்தக் கடைப் பின்பக்கத்தில்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றாள். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நான் என் மனைவியிடம், "உன்னைப் பார்க்க ஒருத்தங்க வந்திருக்காங்க" என்றேன். அவள் பாயில் படுத்திருந்தாள். எழுப்பி உட்கார வைத்தேன். வந்தவள் வாசல்படியில் நின்றாள்.

"அக்கா, உள்ளே வாருங்கள்னு சொன்னா வருவேன்" என்றாள். புத்தகத் தமிழில் சொன்னாள்.

என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டு போனது. கையால் மூடிக்கொண்டாள். இவ்வளவு வருஷம் அவ, அவ என்று பேசியவள், நேரில் வந்ததும் மரியாதையாகக் கேட்டாள்.

"வாங்க. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுக்கா. நீங்க?"

"ஆச்சு."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. நேராகப் பேசிப் பழக்கம் இல்லை. நான் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாசித்தாள். திட்டுவதற்கு இருந்த குரல் வாசிப்பதற்கு இல்லை. பயந்து பயந்து, வாய்க்குள்ளேயே.

"ஏங்க, சத்தமா" என்றாள் என் மனைவி.

"வாய் விட்டு வாசிச்சதில்லக்கா. வீட்ல கேட்டுடும்னு."

"எங்க வீட்டுக்காரரு வாசிச்சா பால் சொட்டுது. நீங்க வாசிச்சா கொசு பறக்குது. எனக்குன்னு வந்து வாய்ச்சீங்களே ரெண்டு பேரும்."

அவள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்து முடித்து அழ ஆரம்பித்தார்கள். நான் பைப்படிக்குப் போய்விட்டேன். வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது புத்தகம் மூடிக் கிடந்தது. இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள். என்ன பேசினார்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமானதும் அவள் எழுந்தாள்.

"அடுத்த மாசம் சம்பளம் போட்டதும் வர்ற ஞாயிறு வர்றேன்க்கா. புதுசு ஒண்ணு தச்சிக் கொண்டாறேன். வீட்ல ஆளில்லாதப்போ சத்தமா வாசிச்சிப் பழகுறேன்."

"வாங்க" என்றாள் என் மனைவி. "பேச நெறைய இருக்கு."

அன்று ராத்திரி அவள் நன்றாகச் சாப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்த ஞாயிறு வருவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். காலையில் நான் காட்டுக்குப் போகும்போது முனகினாள், தண்ணீர் கேட்கிறாள் என்று கொடுத்தேன். குடித்தாள். மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுக்க நிற்கும்போது எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தேன்.

பிள்ளை இல்லாததால் எல்லாம் நானே செய்தேன். கருமாதி முடிந்ததும் ரெம்பாவுக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். கருமாதிக்கு மறுநாள் காலையில் வெளியே சத்தம்.

"அக்கா! இன்னைக்குப் பாருங்க, எப்படிக் கத்தி வாசிக்கிறேன்னு!"

நான் வெளியே வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மழித்த என் தலையைப் பார்த்தாள்.

கையிலிருந்த பை கீழே விழவில்லை. அவள் அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"நான் என்ன ஊர்ல, கடல் தாண்டியா இருக்கேன்? பஸ்ஸு இருக்கில்ல? சொல்லி அனுப்பக் கூடாதா?"

"கருமாதி முடிஞ்சி வரலாம்னு..."

"சரி விடுங்க. வந்தாலும் யாருன்னு சொல்லிக்கிட்டு நிப்பேன்?"

எதிர்வீட்டு அக்கா தண்ணி கலக்கிக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கம் தேத்தண்ணியைத் தண்ணி என்றே சொல்லுவோம். "சொந்தமா?" என்று கேட்டாள். இவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "எந்த வழியில?" என்றாள் அக்கா. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போகும்போது பையிலிருந்து புதிதாகத் தைத்த புத்தகத்தை எடுத்துப் படியில் வைத்தாள்.

"வாசிச்சிட்டு அனுப்புறேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் தலையை ஆட்டினாள். "வேணாண்ணே. அக்கா கையிலேர்ந்து வந்தா அது வேற."

எனக்கும் தெரியும். ஒரு ஆம்பளை, இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணுக்குக் கோடு போட்டு அனுப்ப முடியுமா? பஸ் வரும்வரை ரோட்டில் தள்ளித் தள்ளி நின்றோம். பஸ் வந்தது, ஏறினாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

புத்தகத்தைக் கொஞ்ச நாள் தொடவில்லை. மழைக்காலம் வந்தது. பட்டை நனைந்தால் வேலை கிடையாது. ஒரு நாள் எடுத்தேன். அவளிடமிருந்து வந்ததில் மீன் வாசம் இல்லாத ஒரே புத்தகம் அதுதான். கதையை வாசிக்கவில்லை. கோட்டைத் தேடித்தான் வாசித்தேன். என் மனைவிக்கு என்ன சொல்ல நினைத்து வந்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை வாசித்து அவள் படத்துக்கு முன்னாலாவது சொல்லிவிட வேண்டும். அவசரப்பட்டால் விட்டுவிடுவேன் என்று ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து வாசித்தேன். மழை விட்டு வேலை தொடங்கியபிறகும் சாயங்காலம் சாயங்காலமாக வாசித்தேன்.

கடைசிப் பக்கம் வரை ஒரு கோடும் இல்லை.

எனக்குத்தான் தெரியவில்லையோ என்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. அவள் மேல் கோபம்கூட வந்தது. எதிர்வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவள், "என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. நேரில் பேசத்தானே போகிறோம் என்று அவள் பென்சிலை எடுக்காமலே வந்திருக்கிறாள்.